சைரன் டெஸ்ட் ஓகே!

செல்போன் அலறியது.

காலை மணி ஏழு பத்து.

ரேகா அப்போதுதான் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தாள். ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால், கருவாட்டுக் கடைக்கும் டைலர் கடைக்கும் நடுவில் செருகி வைத்தாற்போல ஒரு கடை. 'ரேகா கம்ப்யூட்டர் சர்வீஸ்.' பதினாலு வருஷமாக அந்தப் போர்டு ஆணி அசையாமல் தொங்குகிறது.

"ஹலோ..."

"யக்கோவ்... ஐஸ் பேக்டரிலேர்ந்து கமாலு பேசறேன். லோடு ஏத்துவனே... அந்தக் கமாலு."

"சொல்லு கமாலு. இன்னா காலங்காத்தால?"

"மனோகரண்ணன் பூட்டாருக்கா!"

"டூட்டி முடிஞ்சு வூட்டுக்கா?"

எதிர்முனையில் ஒரு விசும்பல்.

"இல்லக்கா... செத்துப் பூட்டாரு. கேஸ் லீக் ஆயிடுச்சு. ஆறரைக்குப் போய்ப் பாத்தா மிஷின் ரூம் உள்ளயே..."

ரேகாவின் கையிலிருந்து ஷட்டர் கொக்கி நழுவி விழுந்தது.

"சைரன்? கமாலு... சைரன் அடிக்கலையா?"

"அதான் பேஜாரே! நாங்க ஏழு பேரு முன்னால லோடு ஏத்திக்கினு இருந்தோம். மூஞ்சிக்குப் போட்டுக்கிற மாஸ்க்கெல்லாம் கைக்கெட்டுற தூரத்துல கீது. சைரன் அடிச்சிருந்தா ஓடிப்போய்த் தூக்கியாந்திருக்க மாட்டோம்? அடிக்கவே இல்லக்கா!"

அடிக்கவே இல்லை!

ரேகா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அந்தச் சைரனைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்று நேற்று மத்தியானம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவள் அவள்.

சோதித்துப் பார்க்காமல்!

* * *

நேற்று நடந்தது இதுதான்.

காசிமேட்டில் 'அலைமகள் ஐஸ் பேக்டரி'. முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடலுக்குப் போகும் லாஞ்சுகளில் பாதிக்கு அவர் ஐஸ்தான்.

ஐஸ் கட்ட அம்மோனியா வாயு வேண்டும். குழாய்க்குள் இருக்கும்வரை அது சோறு போடும் சாமி. வெளியே வந்தால் எமன். அது கசிந்தால் மோப்பம் பிடிக்க மிஷின் ரூம் சுவரில் ஒரு சென்சார் பெட்டி. அதிலிருந்து ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேர் உத்தரவு கொடுத்தால் மொட்டைமாடி சைரன் அலறும். நாலு தெருவுக்குக் கேட்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் கிழடு. அதில் ஓடிய விண்டோஸ் அதைவிடக் கிழடு. கவர்மெண்ட் வெப்சைட் ஒன்றுகூட அதில் திறப்பதில்லை.

அண்ணாச்சி ஊரிலிருந்து போன் போட்டிருந்தார்.

"ரேகாம்மா, புதுசு போட்டுரு. ஆனா பழச அழிச்சிராத, கேட்டியா? அதுல எம்புட்டோ கெடக்கு. புதுசு மக்கர் பண்ணிச்சின்னா பழசு ஓடணும் பாத்துக்க."

"ரெண்டுமே ஓடும் அண்ணாச்சி. நீங்க நிம்மதியா இருங்க."

புது டிஸ்க் ஒன்றை உள்ளே மாட்டினாள். புது விண்டோஸை அதில் ஏற்றினாள். பழைய டிஸ்க்கில் ஒரு பைலைக்கூடத் தொடாமல் அப்படியே பக்கத்தில் விட்டுவைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வரும். புதுசா? பழசா? முப்பது விநாடி பார்க்கும். யாரும் எதையும் தட்டாவிட்டால் தானாகவே புதுசுக்குப் போய்விடும்.

அந்த இரண்டுக்கும் பெயர் வைத்தவர் மனோகரன்.

இருபத்தேழு வருஷமாக அங்கே மிஷின் ஆபரேட்டர். கொரோனா வந்து எல்லாம் சரியாகிப் போனவர்... மூக்கைத் தவிர! மல்லிப்பூவும் மத்திக் கருவாடும் அவருக்கு ஒன்றுதான்.

"விண்டோஸு கிண்டோஸுன்னு போடாதம்மா. புது வூடு, பழைய வூடுன்னு போடு. அப்பத்தான் எனுக்கு வெளங்கும்."

ரேகா சிரித்துக்கொண்டே அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். புது வூட்டுக்கு நாலு எண்ணில் ஒரு பூட்டும் வைத்தாள். அந்த எண் அவளுக்கும் மனோகரனுக்கும் மட்டும்தான் தெரியும். பழைய வூட்டுக்கு எப்போதும்போலப் பூட்டே கிடையாது.

சைரன் சாஃப்ட்வேரைப் புதுசில் ஏற்றினாள். திறந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

பாக்கி ஒன்றே ஒன்று. சைரன் டெஸ்ட்!

சென்சார் பக்கத்தில் அம்மோனியாவில் நனைத்த துணியைக் காட்ட வேண்டும். சைரன் அலற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நாலு தெருவுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். அது அந்த வட்டாரத்து வழக்கம். சொல்லாமல் அடித்தால் ஜனம் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடும்.

ரேகா சொல்லப் போனாள். மூன்றாவது தெருவில் பந்தல் போட்டிருந்தது. அந்தத் தெருப் பெண் அம்முவுக்கு வளைகாப்பு.

அம்முவின் அம்மா ஓடி வந்து ரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் வாணாம் ரேகா. மூணு தபா கலைஞ்சு இப்பத்தான் நின்னு கீது. அந்த எழவு சத்தத்தக் கேட்டா பொண்ணு அரண்டு பூடுவா. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

ரேகா எட்டிப் பார்த்தாள். கை நிறைய கண்ணாடி வளையலோடு அம்மு உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் வியர்வை.

எப்படி மனசு வரும்? நீங்களே சொல்லுங்கள்.

நாளைக் காலை வந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு பொழுதுதானே!

ஆனால் ரிஜிஸ்டர்? நாளைக் காலை பத்து மணிக்கு பேக்டரியைச் சோதிக்க ஆபீசர் வருகிறார். தேதிக்கு நேரே காலியாக விட முடியாது.

எழுதினாள்.

'சைரன் டெஸ்ட் ஓகே. ரேகா.'

மை காய்வதற்குள் மனோகரன் வந்து நின்றார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"அம்மு வூட்டுப் புளியோதர. துன்னு. இன்னாம்மா, டெஸ்ட் முடிஞ்சுதா? சத்தமே கேக்கல?"

அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாத்துட்டேண்ணா. சூப்பரா கீது."

"அப்பாடா! நாளைக்கு அந்த ஆபீசராண்ட ஒரு சேதி சொல்லணும். ஜெபின் தம்பி கீறாரே..."

ஜெபின், அண்ணாச்சியின் மருமகன். அவர் ஊரில் இல்லாதபோது பேக்டரிக்கு எல்லாம் அவன்தான்.

"...புது வால்வு வாங்கிட்டேன்னு மாமனாராண்ட சொல்லிட்டு, எண்ணூர் காயலாங்கடைலேர்ந்து ஓட்டை வால்வ வாங்கியாந்து மாட்டிக்கிறாரு. கேட்டா வாய மூடுன்றாரு. நாளைக்குத் தொறக்கப் போறேன் பாரு!"

"உஷாரா இருண்ணா."

"எனுக்கு இன்னா பயம்? போனது மூக்குதான். அதான் நீ புது மூக்கு வச்சுட்டியே!"

ரேகா புளியோதரையைச் சாப்பிட்டாள்.

நன்றாக இருந்தது. அதுதான் இப்போது தாங்கவில்லை.

* * *

பேக்டரி வாசலில் கூட்டம். காற்றில் இன்னும் அந்த நெடி. கண்ணெல்லாம் எரிந்தது.

கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி ஒன்றின் மேல் மனோகரனின் மனைவி பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கையில் மீன் செதில் காயவில்லை.

"அண்ணி..."

"வந்தியா ரேகா." குரலில் உயிர் இல்லை. "நேத்து ராத்திரி டூட்டிக்குக் கெளம்பசொல்ல இன்னா சொன்னாரு தெரியுமா? மூக்கு போனதுலேர்ந்து இங்க ஒரு நாளும் படுக்க மாட்டாரு. உக்காந்த வாக்குல கோழித் தூக்கம்தான். கேஸ் வந்தா தெரியாதேன்னு பயம். நேத்து சொல்றாரு... 'ரேகா புது மூக்கு வச்சுட்டா பச்ச. விடிகாலைல காலை நீட்டிப் படுத்து செத்த நேரம் கண்ணசருவேன்'னு..."

புளியோதரையின் காரம் ரேகாவின் தொண்டைக்கு ஏறியது.

"கம்ப்யூட்டர் பொண்ணு நீதானே?"

பின்னாலிருந்து குரல். திரும்பினாள்.

இன்ஸ்பெக்டர் அஜீசா! ஐம்பது வயது, கட்டைக் குரல். கையில் அந்த ரிஜிஸ்டர்.

"ஆமா மேடம்."

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"டெஸ்ட் பண்ணியா?"

பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ப... பண்ணேன் மேடம்."

இரண்டாவது பொய்!

"அப்போ சைரனுக்கு இன்னா, தொண்ட கட்டிக்கிச்சா?" அஜீசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு விஷயம் எனுக்கு உதைக்குது. மிஷின் ரூம் கதவு சும்மா சாத்திதான் இருந்துச்சுன்றான் கமாலு. தாழ்ப்பா போடல. அந்தாளு கதவுக்கு அரை அடியில வுழுந்து கீறாரு. விரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு கீது. சும்மா சாத்துன கதவ எவனாவது கை உரியத் தட்டுவானா?"

"மயக்கத்துல கண்ணு தெரிஞ்சிருக்காது மேடம்."

பதில் சொன்னவன் ஜெபின். முப்பத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை, சிவந்த கண்.

"நீங்க எப்ப வந்தீங்க தம்பி?"

"நேத்து முழுக்க காட்டுப்பள்ளில ஐஸ் லோடு மேடம். ராத்திரி நேரா வீட்டுக்குப் போயிட்டேன். கமால் போன் போட்டப்புறம்தான் ஓடி வாறேன். மாமா ரயில்ல வந்துட்டே இருக்காவ. பத்தரைக்கு வந்துருவாவ."

"ம்... நா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு பதினோரு மணிக்கு வரேன். சைபர் ஆளும் வருவான். அது வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர வெளிய எட்னு போகக் கூடாது. இன்னாம்மா?"

ரேகா தலையாட்டினாள்.

ஜீப் கிளம்பியது. ஜெபின் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"யக்கா... ஒரு நிமிசம்."

ஐஸ் உடைக்கும் மிஷினுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"நான் சொல்லுதத கேளுங்க. புதுசு போட்டா இப்படி மக்கர் பண்ணத்தான் செய்யும். வேணும்னா பண்ணுனீங்க? ஆனா போலீசு விடாதுக்கா. உள்ள தூக்கிப் போட்டுரும்."

ரேகாவின் கண் நிறைந்தது.

"இன்னா பண்றது தம்பி?"

"சைபர் ஆளு வர்றதுக்குள்ள உள்ள இருக்கத பூராத்தையும் அழிச்சிருங்க. கரண்டு எகிறி டிஸ்க் போயிட்டுன்னு சொல்லுவோம். மாமாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும். அந்தப் பழைய வீடு... அதையும் சேத்து இடிச்சுத் தள்ளிருங்க. மிச்சம் வைக்காதீங்க."

எவ்வளவு அன்பு! எவ்வளவு கரிசனம்!

ரேகா அழுதுகொண்டே ஆபீஸ் அறைக்குப் போனாள்.

* * *

கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு எண்ணைத் தட்டினாள். புது வூடு திறந்தது. பழைய டிஸ்க் ஓர் ஓரத்தில் 'டி' டிரைவ் என்று சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அழிக்க வேண்டியதுதான். நாலு தட்டு. இரண்டு நிமிஷம்.

விரல் மேலே போனது...

நின்றது!

அந்தப் பழைய வீடு...

ஜெபினுக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்?

பெட்டியை அணைத்துப் போட்டால்தான் அந்தப் பேர் திரையில் வரும். அதுவும் முப்பது விநாடி. நேற்று மத்தியானம் கடைசியாக அவள் அணைத்துப் போட்டபோது பக்கத்தில் இருந்தது மனோகரன் ஒருவர்தான். ஜெபின் காட்டுப்பள்ளியில் இருந்தான்!

மனோகரன் சொல்லியிருப்பாரோ? வாய மூடு என்றவனிடமா?

ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பெட்டி எத்தனை நேரமாக ஓடுகிறது என்று பார்த்தாள்.

நேற்று மத்தியானத்திலிருந்து ஓடியிருக்க வேண்டும். அப்படித்தான் அவள் விட்டுப் போனாள்.

இல்லை!

இன்று காலை 6.20க்கு யாரோ அணைத்துப் போட்டிருக்கிறார்கள்.

மனோகரன் செத்துக்கொண்டிருந்த நேரத்தில்!

பழைய டிரைவைத் திறந்தாள். சைரன் சாஃப்ட்வேருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் நேரத்தோடு ஒரு வரி எழுதிவைக்கும். யாருமே படிக்காத பைல். பழைய டிஸ்க் அப்படியே இருந்ததால் அதுவும் அப்படியே இருந்தது.

கடைசி ஆறு வரிகள்...

5.41 - சாஃப்ட்வேர் திறந்தது.

5.46 - சைரன் வாய் அடைக்கப்பட்டது. பாஸ்வேர்டு சரி.

5.58 - வாயு அபாயம்.

6.03 - வாயு பேரபாயம்.

6.19 - வாயு பேரபாயம். சைரன் வாய் அடைப்பிலேயே.

6.20 - சாஃப்ட்வேர் மூடியது.

ரேகாவுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது.

கொலை!

யாரோ பழைய வூட்டுக்குள் புகுந்து, சைரனின் வாயைப் பொத்திவிட்டு, அதற்கப்புறம்தான் வாயுவைத் திறந்திருக்கிறார்கள்.

நான் இல்லை... நான் கொல்லவில்லை... அண்ணே, நான் இல்லைண்ணே!

அந்த நிம்மதி முழுசாக ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை.

ஜன்னல் வழியாக மிஷின் ரூம் நெடி இன்னும் வந்துகொண்டிருந்தது. கண் எரிந்தது. திரையைப் பார்த்தாள்.

புது வூட்டில் சைரன் சாஃப்ட்வேர் திறந்திருந்தது. பச்சை விளக்கு.

இவ்வளவு நெடியிலும் பச்சையா?

உள்ளே போய்ப் பார்த்தாள். சென்சார் ஒயர் வந்து சேரும் வாசலுக்குப் பழைய விண்டோஸில் நம்பர் மூன்று. புதுசில் அதற்கு நம்பர் ஐந்து விழுந்திருக்கிறது. சாஃப்ட்வேரில் அவள் அதை மாற்றவில்லை. அது பாட்டுக்கு மூன்றாம் வாசலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாம் வாசலில் சென்சார் கத்திக்கொண்டே இருக்கிறது!

ஒரே ஒரு துணியைக் காட்டியிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

அப்படியானால்...

அந்தக் கொலைகாரன் கம்ப்யூட்டர் பக்கமே வராமல் இருந்திருந்தாலும் சைரன் அடித்திருக்காது.

அவளும்தான் மனோகரனின் மூக்கைப் பொத்தியிருக்கிறாள்.

மூன்றை அழித்து ஐந்து என்று போட ஒரு விநாடி போதும். போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஜெபின் மாட்டுவான். ரேகா தப்பிப்பாள். ஊரே அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லும்.

விரல் அந்த எண்ணின் மேல் நின்றது.

முதல் பொய் மனோகரனுக்கு. இரண்டாவது அஜீசாவுக்கு. மூன்றாவது... வெளியே மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு.

ரேகா கையை எடுத்தாள்.

செல்போனை எடுத்தாள்.

"மேடம்... சீக்கிரம் வாங்க. ரெண்டு சேதி கீது. ஒண்ணு ஜெபினப் பத்தி. இன்னொண்ணு... என்னப் பத்தி."

* * *

மணி பதினொன்று.

ஆபீஸ் அறையில் அஜீசா. ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்திருந்த தவசிமுத்து அண்ணாச்சி. ஜெபின். பச்சையம்மா. வாசலை அடைத்துக்கொண்டு கமால்.

"பேசும்மா," என்றாள் அஜீசா.

ரேகா பச்சையம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணி... நா டெஸ்ட் பண்ணல. அம்மு வளைகாப்புன்னு வுட்டுட்டேன். பண்ணாமயே கையெழுத்துப் போட்டேன். அண்ணனாண்டயும் பொய் சொன்னேன். தோ... இவ்ளோ நெடியிலயும் இது பச்சையா எரியுது பாருங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து இதுக்குக் காது கேக்கல."

பச்சையம்மா திரையிலிருந்த பச்சை விளக்கையே பார்த்தாள்.

ஜெபின்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பாத்தீங்களா மேடம்! அவ வாயாலயே சொல்லுதா! இவதான் கொன்னுருக்கா!"

கொஞ்ச நேரம் முன்புவரை 'அக்கா.' இப்போது 'இவ.'

"இருய்யா, பொறு." அஜீசா கையமர்த்தினாள். "இன்னொரு சேதி?"

ரேகா பெட்டியை அணைத்துப் போட்டாள். திரையில் இரண்டு பேர் வந்தது. புது வூடு. பழைய வூடு.

"இந்தப் பேரு எனுக்கும் செத்துப்போன அண்ணனுக்கும்தான் தெரியும் மேடம். ஆனா, 'பழைய வீட்டையும் இடிச்சிரு'ன்னு காலைல ஜெபின் தம்பி சொன்னாரு."

ஜெபினின் முகத்தில் ஒரு சுருக்கம்.

ரேகா பழைய வூட்டைத் தட்டினாள். உள்ளே போய் அந்த ஆறு வரிகளையும் திரையில் காட்டினாள். அஜீசா சத்தமாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பச்சையம்மாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே போனது.

"மனோகரனே பண்ணிருப்பாரு!" ஜெபினின் குரல் உயர்ந்தது. "தூங்குததுக்குத் தொந்தரவா இருக்கும்னு அவரே..."

"அண்ணனுக்குப் புது வூட்டு நம்பர் தெரியும். அவரு ஏன் பழைய வூட்டுக்குப் போகணும்?" என்றாள் ரேகா. "அந்த நம்பர் தெரியாதவன்தான் பூட்டு இல்லாத வூட்டுக்குப் போவான்."

அதுவரை வாய் திறக்காத அண்ணாச்சி மெதுவாக எழுந்தார்.

"சைரன் வாய அடைக்கணும்னா பாஸ்வேர்டு வேணும்லா. மனோகரனுக்கே அது தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்..." அவர் ஜெபின் பக்கம் திரும்பினார். "ஊருக்குப் போவும்போது ஒருத்தன்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனேன். மருமகனே... உங்கிட்ட!"

ஜெபின் ஓர் அடி பின்னால் வைத்தான். கமால் வாசலை இன்னும் கொஞ்சம் அடைத்தான்.

அஜீசா சிரித்தாள்.

"எனுக்கு உன்னப் பாத்தா பாவமா கீது தம்பி. இந்தம்மா சொன்னது காதுல வுழுந்துச்சா? புதுசு செவிடு. நீ இதத் தொடாம வால்வ மட்டும் திருகியிருந்தாலே சைரன் அடிச்சிருக்காது! ஒரு ரேகை இல்ல, ஒரு வரி இல்ல. அம்புட்டுப் பழியும் இவ தலைல. இன்னாத்துக்குய்யா இத நோண்டுன?"

ஜெபினின் கண் விரிந்தது. உதடு தானாக அசைந்தது.

"அதெப்படி... ரிஜிஸ்டர்ல ஓகேன்னு எழுதியிருந்துச்சே! நான் பாத்தேனே!"

"எப்ப பாத்த?"

ஜெபினின் பார்வை அஜீசாவின் கையிலிருந்த ரிஜிஸ்டருக்குப் போனது.

"ஏழு மணிலேர்ந்து ரிஜிஸ்டர் என் கையில கீது. நேத்து முழுக்க நீ காட்டுப்பள்ளி. எப்ப பாத்த நைனா?"

ஜெபின் பாய்ந்தான். கமாலின் கை அதைவிட வேகமாகப் பாய்ந்தது. தினம் முன்னூறு ஐஸ் பார் தூக்குகிற கை! சட்டைக் காலரோடு தூக்கிச் சுவரில் சாத்தினான்.

அப்புறம் எல்லாம் தானாக வந்தது. பின்பக்கக் கேட் சாவி அவனிடம் இருந்தது. ஐந்தரைக்கு உள்ளே வந்தான். சைரன் வேலை செய்கிறது என்று ரிஜிஸ்டரில் படித்தான். அதனால் முதலில் அதன் வாயைப் பொத்தினான். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, அந்தக் காயலாங்கடை வால்வைத் தளர்த்தினான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டான். உள்ளே மனோகரன் விழித்துக்கொண்டு கை உரியத் தட்டியது, முன்னால் ஓடிய ஐஸ் உடைக்கும் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தட்டும் சத்தம் நின்றபிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஆபீசர் வந்து பேக்டரியை மூடிவிட்டால் மாமனாருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம். அவ்வளவுதான். ஓர் ஓட்டை வால்வுக்காக ஒரு மனுஷன்!

அஜீசா விலங்கை மாட்டினாள்.

"பதினாலு வருஷமா அவ கையெழுத்துக்கு மதிப்பு இருந்துச்சு. ஒரே ஒரு நாளு பொய்யாப் போட்டா. அத்தப் போயி வேதவாக்கா நம்பினியே ராஜா!"

* * *

ரேகா பச்சையம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி... அடிங்க அண்ணி. ரெண்டு அறை வுடுங்க."

பச்சையம்மா அடிக்கவில்லை. முறுக்கிய முந்தானையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மு பொண்ணுக்காகத்தான வுட்ட... அது சரிதான். அதுல தப்பு இல்ல. ஆனா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ரேகா. 'இன்னிக்கு ஒரு நாளு படுக்காத மாமு, உக்காந்துகினே தூங்கு'ன்னு சொல்லி அனுப்பியிருப்பேனே..."

அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"என்னயும் கூட்டினு போங்க மேடம்," என்றாள் ரேகா.

"பொய்க் கையெழுத்துக்குத் தனியா கேஸ் கீது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வா. அதுக்கு முன்னாடி இத்த சரி பண்ணு. இன்னும் பத்து பேரு இங்க வேலை செய்யணும்."

ரேகா மூன்றை அழித்தாள். ஐந்து என்று போட்டாள்.

பிறகு நாலு தெருவுக்கும் தானே நடந்தாள். வீடு வீடாகச் சொன்னாள். அம்முவின் வாசலில் மட்டும் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துவிட்டு வந்தாள்.

சென்சார் பக்கத்தில் துணியைக் காட்டினாள்.

மொட்டைமாடி அலறியது!

காசிமேடு முழுக்கக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. பச்சையம்மா நிமிர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஆறு மணி நேரம் தாமதமாக வந்த சத்தம். அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

ரேகா நேற்றைய வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே எழுதினாள்: 'மேலே எழுதியது பொய். இன்றுதான் பார்த்தேன். அடிக்கிறது.' கையெழுத்துப் போட்டாள்.

வெளியே ஜீப்பில், விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, குனிந்து கிடந்தான் ஜெபின்.

முன் சீட்டில் ஏறிய அஜீசா திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாத தம்பி... இந்த தபா நெஜமாவே டெஸ்ட் ஓகே!"